பெயர் தரும் சரக்கும் சோறு தரும் சரக்கும்

சித்தாண்டியில் உள்ள எனது உதிரிப்பாகக் கடைக்குக் கடந்த பெரும்போக உழவுக் காலத்தில் ஒரு பழைய மெசி பேர்கசன் உழவு இயந்திரம் வந்து நின்றது. கிளச் பிளேட் மாற்ற வேண்டும் என்று கொண்டு வந்திருந்தார்கள். சேறு காய்ந்து கிடந்த மட்காட்டில் மாத்திரம் ஓர் இடத்தைத் துடைத்து, கறுப்பும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாயத் தயாராக நிற்கும் ஒரு காளை மாடு. அதற்கு மேலே ‘லம்போர்கினி’ என்ற பெயர்.

“தம்பி, மிசினுக்கு ஏன் இந்த ஸ்டிக்கர்?” என்று கேட்டேன்.

“சும்மா ஒரு ஷோவுக்குத்தான் நானா. காரை வாங்க ஏலாது, ஸ்டிக்கரையாவது ஒட்டுவம்” என்று சிரித்தான் அந்த இளைஞன்.

“இந்தப் பெயர் காருக்கு வர முதல் உழவு மிசினுக்குத்தான் இருந்தது, தெரியுமா?” என்றேன். அவன் நம்பவில்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான். ஆனால் அது உண்மை. அந்த உண்மைக்குள் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதே பாடத்தை நான் 2011ஆம் ஆண்டில் எனது சொந்தப் பணத்தைக் கொடுத்துப் படித்தேன். இரண்டையும் சேர்த்து இந்த வாரம் எழுதுகிறேன்.

விவசாயி மகனின் தொழில்

பெருச்சியோ லம்போர்கினி 1916இல் இத்தாலியின் வடபகுதியில், சென்டோ என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயலை விட இயந்திரத்தில்தான் அவருக்கு ஆசை. இரண்டாம் உலகப் போரின் போது இத்தாலிய விமானப் படையில் சேர்ந்து, ரோட்ஸ் தீவில் வாகனங்களைத் திருத்தும் வேலை செய்தார். போர் முடிந்து ஊருக்கு வந்தபோது அவர் கண்ட காட்சி என்ன? வயலை உழ இயந்திரம் இல்லை. ஆனால் படைகள் விட்டுச் சென்ற பழைய வாகனங்கள் நிறையக் கிடந்தன.

அந்தக் கழிவு வாகனங்களின் என்ஜின்களையும் கியர்பெட்டிகளையும் வாங்கி உழவு இயந்திரம் செய்தார். பெற்றோல் விலை கூடிய காலம் அது. ஆகவே, பெற்றோலில் ஸ்டார்ட் செய்து பின்னர் விலை குறைந்த டீசலில் ஓடக்கூடியதாக என்ஜினை மாற்றி அமைத்தார். விவசாயிக்குத் தேவையானது அதுதான். 1948இல் உழவு இயந்திரக் கம்பனி தொடங்கியது. பின்னர் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்புகளுக்கான கம்பனி ஒன்றையும் ஆரம்பித்தார். இவை இரண்டும் அவருக்குச் சோறு தந்த சரக்குகள். இவற்றில்தான் அவர் செல்வந்தரானார்.

இதைக் கவனியுங்கள். சுற்றிலும் கிடந்ததை வைத்து, சுற்றியிருந்த மக்களுக்கு எது வேண்டுமோ அதைச் செய்தார். வியாபாரத்தின் அரிச்சுவடி இவ்வளவுதான்.

ஒரு முறைப்பாட்டில் பிறந்த கார்

பணம் வந்த பின் அவர் விலை உயர்ந்த கார்களை வாங்கினார். அவற்றில் பெராரியும் ஒன்று. அதன் கிளச் அடிக்கடி பழுதானதாம். கழற்றிப் பார்த்தால், தனது உழவு இயந்திரத்தில் போடும் கிளச் போன்றதே அது. இதை என்சோ பெராரியிடம் சொல்லப் போனபோது, ‘உனக்கு உழவு இயந்திரம் ஓட்டத் தெரியும், பெராரி ஓட்டத் தெரியாது’ என்ற கருத்தில் பதில் கிடைத்ததாக லம்போர்கினியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இது அவர் தரப்புக் கதை. மற்றத் தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்பதை விட்டுவிடுவோம்.

ஆனால் கடைக்காரர்களாகிய நாம் நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்: இப்படியான பதிலை நாமும் கொடுத்ததில்லையா? ஒருமுறை ஓர் அண்ணன், நான் விற்ற கிளச் பிளேட் ஒரு போகம் கூடத் தாங்கவில்லை என்று கொண்டு வந்தார். “ஓட்டுற ஆள் கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டியிருப்பான்” என்று சொல்ல எனது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அந்தத் தொகுதியில் மிஞ்சியிருந்த பிளேட்டுகளை எடுத்துப் பார்த்தேன். தட்டில் ஒட்டியிருந்த பூச்சு நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. அன்றே அவற்றை ஒதுக்கி வைத்தேன். முறைப்பாட்டோடு வருபவர் நமக்குச் செலவில்லாமல் சரக்கைப் பரிசோதித்துத் தருபவர். அவரை விரட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்றில் அவர் பக்கத்துக் கடைக்குப் போவார். இல்லாவிட்டால் தானே ஒரு கடை திறப்பார். லம்போர்கினி கடை திறந்தார்.

1963இல் சன்டகட்டா என்ற சிற்றூரில் கார்த் தொழிற்சாலை எழும்பியது. ஜியோட்டோ பிஸ்ஸரினி என்ற பொறியியலாளர் 12 சிலிண்டர் என்ஜின் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். 1964இல் வெளிவந்த முதல் காரில் என்ஜின் வழமை போல முன்னால் இருந்தது.

மியூரா: பாரம் நடுவில்

அத்தொழிற்சாலையில் டல்லாரா, ஸ்டான்சானி என்ற இரு இளம் பொறியியலாளர்களும், பொப் வொலஸ் என்ற நியூசிலாந்துப் பரிசோதனைச் சாரதியும் இருந்தார்கள். மூவரும் முப்பது வயதை எட்டாதவர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு மூவரும் கூடி ஒரு புதுக் காரைத் திட்டமிட்டார்கள். என்ஜின் ஓட்டுநருக்கு முன்னால் இல்லை. அவரது முதுகுக்குப் பின்னால், பின் சில்லுகளுக்கு முன்னால். அதாவது காரின் நடுப்பகுதியில்.

இதில் என்ன பயன் என்று கேட்கலாம். மாட்டு வண்டியில் நெல் மூட்டை அடுக்கியவர்களுக்கு இது விளங்கும். பாரம் முன்னால் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே கிளம்பும். நடுவில் வைத்தால்தான் வண்டி நிதானமாக ஓடும், திரும்பும். காரிலும் அதே கணக்குத்தான். பந்தயக் கார்களில் அப்போது இந்த முறை வந்துவிட்டது. ஆனால் வீதியில் ஓடும் பெரிய என்ஜின் கார்களில் அரிதாகவே இருந்தது. 12 சிலிண்டர் என்ஜினை நீளவாட்டில் வைத்தால் இடம் போதாது என்பதால் அதைக் குறுக்காக வைத்தார்கள். இடத்தை இன்னும் மிச்சம் பிடிக்க, என்ஜினையும் கியர்பெட்டியையும் ஒரே வார்ப்புக்குள் அடக்கினார்கள்.

1965 நவம்பரில் டியூரின் கண்காட்சியில் மேற்கூடு இல்லாத வெறும் சட்டகத்தை மாத்திரம் காட்சிக்கு வைத்தார்கள். அதைச் சுற்றிக் கூட்டம் கூடியது. உடல் வடிவத்தைச் செய்து கொடுக்க பேர்ட்டோனே நிறுவனம் முன்வந்தது. அங்கே வேலை செய்த மார்செல்லோ கந்தினி என்ற இளைஞர் அதை வரைந்தார். 1966 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் முழுக் கார் வந்தது. உயரம் ஏறத்தாழ 105 சென்டிமீற்றர் மட்டுமே, நமது இடுப்பளவு. என்ஜின் கொள்ளளவு 3,929 சி.சி., வலு 350 குதிரை. ஸ்பெயின் நாட்டில் சண்டைக் காளைகள் வளர்க்கும் பண்ணை ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்: மியூரா.

விளம்பரத்துக்காகச் சிலவற்றைச் செய்து விற்கலாம் என்றுதான் முதலாளி நினைத்திருந்தார். ஆனால் கேள்வி பெருகியது. 1973 வரை 760க்குச் சற்றுக் கூடிய எண்ணிக்கையில் மியூரா கார்கள் செய்யப்பட்டன. உழவு இயந்திரக்காரரின் பெயர் உலகம் முழுவதும் பரவியது.

குறை இல்லாத காரா? இல்லை. பெற்றோல் தாங்கி முன்பக்கத்தில் இருந்தது. எண்ணெய் குறையக் குறைய முன்பக்கம் இலேசாகி, அதிவேகத்தில் மூக்கு மேலே கிளம்பப் பார்க்கும். என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய் என்பதால், கியரில் தேயும் இரும்புத் துகள் என்ஜினுக்குள்ளும் போகும். இவற்றை அவர்கள் மறைத்துக்கொண்டு இருக்கவில்லை. 1968இல் திருத்திய வகை, 1971இல் மீண்டும் திருத்திய வகை என்று படிப்படியாக மேம்படுத்தினார்கள். கடைசி வகையின் பிற்பட்ட கார்களில் இரண்டு எண்ணெய்களையும் பிரித்தே விட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை அடிக்கோடிட வேண்டும். மியூரா ஒரு காட்சிச் சரக்கு. ஆனால் மலிவாகச் செய்த காட்சிச் சரக்கு. என்ஜின் ஏற்கனவே கையில் இருந்தது. மூளை, ஏற்கனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த இளைஞர்களுடையது. உடலை வெளியார் செய்தார்கள். உழவு இயந்திரத்தின் வருமானம் பின்னால் தூணாக நின்றது. மிஞ்சியதைக் கொண்டு பெயர் வாங்கிய வியாபாரம் அது.

தூண் ஆடியபோது

பெயர் வந்த பிறகு பெரிய ஆசை வந்தது. கூடிய எண்ணிக்கையில் விற்கக்கூடிய, சற்று விலை குறைந்த கார் ஒன்றைச் செய்யத் திட்டமிட்டார்கள். அதுவும் நடுவில் என்ஜின் உள்ள கார்தான், பெயர் உராக்கோ. இம்முறை என்ஜின் புதிது, வடிவம் புதிது, தொழிற்சாலையையும் பெருப்பிக்க வேண்டியிருந்தது. 1970இல் கண்காட்சியில் காட்டினார்கள். வாடிக்கையாளர் கைக்குப் போகத் தொடங்க ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன. 1979 வரை விற்பனையானது மொத்தம் 800ஐத் தொடவில்லை.

அதே நேரத்தில் மற்றப் பக்கம் என்ன நடந்தது? உழவு இயந்திரங்களில் ஏறக்குறைய அரைவாசி ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1971இல் தென்னாபிரிக்க இறக்குமதியாளர் தனது கட்டளைகளை இரத்துச் செய்தார். பொலிவியா நாட்டிலிருந்து ஒரு பெரிய கட்டளை வந்திருந்தது. இயந்திரங்களில் ஒரு பகுதி ஜெனோவாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறத் தயாராக இருந்தது. அங்கே இராணுவப் புரட்சி நடந்தது. புதிய ஆட்சி கட்டளையை இரத்துச் செய்துவிட்டது. செய்து முடித்த சரக்கு அப்படியே தலையில் விழுந்தது.

சோறு தந்த சரக்கு சரிந்ததும் பெயர் தந்த சரக்கால் தாங்க முடியவில்லை. 1972இல் கார்க் கம்பனியின் 51 வீதத்தை 6 இலட்சம் டொலருக்கு ஒரு சுவிட்சர்லாந்து வர்த்தகருக்கு விற்றார். உழவு இயந்திரக் கம்பனியும் அக்காலப் பகுதியிலேயே சாமே என்ற இன்னோர் இத்தாலிய நிறுவனத்திடம் கைமாறியது. 1973இல் உலக எண்ணெய் நெருக்கடி வந்து, பெற்றோலைக் குடிக்கும் கார்களை வாங்க ஆள் குறைந்தது. 1974இல் மிச்சம் 49 வீதத்தையும் விற்றுவிட்டு, ஓர் ஏரிக்கரையில் இருந்த தனது திராட்சைத் தோட்டத்துக்கு ஒதுங்கினார். 1993இல் காலமானார்.

கார்க் கம்பனி 1978இல் முறிந்தது. பிறகு பல கை மாறி 1998இல் ஜெர்மனியின் அவுடி நிறுவனத்திடம் போனது. அவரது பெயர் இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. ஆனால் அந்தக் கார்க் கம்பனி அவருக்கோ அவரது வாரிசுகளுக்கோ மிஞ்சவில்லை. உழவு இயந்திரத்தைப் பாருங்கள்: லம்போர்கினி என்ற பெயரில் அது சாமே குழுமத்தின் கீழ் தொடர்ந்தும் செய்யப்பட்டு வந்தது. அதே குழுமம் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையிலும் உழவு இயந்திரத் தொழிற்சாலை அமைத்தது. காரைக் காட்டிலும் கலப்பைக்கு ஆயுள் குறைவில்லை.

எனது உராக்கோ

இனி எனது கதை. சொந்த ஊர் ஏறாவூர். 2008இல் சித்தாண்டியில் வாடகைக்கு ஒரு கடை எடுத்து, உழவு இயந்திர உதிரிப்பாக வியாபாரத்தைத் தொடங்கினேன். வெளியே ஒரு தகரப் பலகை; உள்ளே எண்ணெய் மணம். சித்தாண்டி, வந்தாறுமூலை, மொறக்கொட்டான்சேனை, கிரான் பகுதி விவசாயிகள்தான் வாடிக்கையாளர்கள். விதைப்புக்குச் சாமான் எடுத்து, வெள்ளாமை வெட்டிக் காசு தருவார்கள். இரண்டு வருடத்தில் முதல் 20 இலட்சமாக வளர்ந்தது.

2010இல் எனக்கும் பெரிய ஆசை வந்தது. யுத்தம் முடிந்து வீதியெங்கும் புது மோட்டார் சைக்கிள்கள் ஓடிய காலம். ஏறாவூரில் கண்ணாடி போட்ட, குளிரூட்டிய கடை ஒன்றைத் திறந்தேன். மோட்டார் சைக்கிள் அலங்காரப் பொருட்கள், தலைக்கவசங்கள், வெளிச்சப் பலகை. கடை முற்பணம் 3 இலட்சம், கண்ணாடியும் குளிரூட்டியும் பலகையும் 4 இலட்சம், சரக்கு 4 இலட்சம். மொத்தம் 11 இலட்சமும் சித்தாண்டிக் கடையிலிருந்து எடுத்ததுதான். கலியாண வீடுகளில் “புதுக் கடை முதலாளி” என்று கதிரை இழுத்துப் போட்டார்கள். சித்தாண்டிக் கடையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் அங்கே கிழமைக்கு இரண்டு நாள்தான் போனேன்.

அப்போது சித்தாண்டிக் கடையின் நிலை: விவசாயிகளிடம் கடன் 6 இலட்சம், தட்டில் சரக்கு 3 இலட்சம். அறுவடைக் காலத்துக்கென்று பஞ்சிகாவத்தை மொத்த வியாபாரி ஒருவரிடம் மேலும் 4 இலட்சத்துக்குச் சாமான் எடுத்து, பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்திருந்தேன். வெள்ளாமை வெட்டினால் காசு வரும் என்ற ஒரே நம்பிக்கை. மியூராவின் தாங்கி போல, முன்பக்கம் இலேசாகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியவில்லை.

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதையும் வெள்ளம் மூடியது. பெப்ரவரியில் மீண்டும் மழை. கதிர் முற்றிய வயல்கள் தண்ணீருக்குள் கிடந்தன. கடைக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர். பேரிங்குகளும் பெல்ட்டுகளும் சேற்றில். எவரிடம் போய்க் கடன் கேட்பது? கேட்கப் போன ஒரு வீட்டில் அந்த அண்ணன் முளைத்த நெல்லை ஓலைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். “முதலாளி, இதைப் பாருங்க” என்று ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார். நான் கடன் கொப்பியைப் பையிலிருந்து எடுக்காமலேயே திரும்பினேன்.

காசோலைத் திகதி மட்டும் வெள்ளத்துக்காக நிற்கவில்லை. 4 இலட்சம் வேண்டும். புதுக் கடைச் சரக்கை அரை விலைக்குக் கொடுத்தேன். குளிரூட்டியைக் கழற்றி விற்றேன். முற்பணத்தில் ஒரு பகுதி வந்தது. 11 இலட்சம் போட்ட இடத்தில் திரும்பிக் கிடைத்தது நாலரை இலட்சம். அதைக் கொண்டு காசோலைகளைக் காப்பாற்றினேன். அந்த வருடம் முடிய முதல் புதுக் கடையின் கதவை மூடினேன்.

ஆனால் விவசாயிகளிடம் இருந்த 6 இலட்சத்தைப் பாருங்கள். சிறுபோகம் வெட்டியபோது கொஞ்சம், அடுத்த பெரும்போகத்தில் மீதி என்று ஐந்து இலட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. முளைத்த நெல்லைக் காட்டிய அந்த அண்ணன் மூன்று தவணையில் முழுவதையும் கட்டினார். கண்ணாடிக் கடையில் போட்ட பணம் செத்தது. சேற்று வயலில் போட்ட பணம் பிழைத்தது. வெள்ளம் எனது நட்டத்துக்கு ஒரு காரணம்தான். வெள்ளத்தைத் தாங்க வேண்டிய முதலை நான்தான் முன்கூட்டியே எடுத்து வெளிச்சப் பலகையில் தொங்கவிட்டிருந்தேன்.

நாம் செய்ய வேண்டியவை

காட்சிச் சரக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெயரும் வியாபாரத்துக்குத் தேவை. மியூரா இல்லாவிட்டால் அந்தப் பெயரை இன்று சித்தாண்டி இளைஞன் மட்காட்டில் ஒட்டியிருக்க மாட்டான். கேள்வி, எந்தப் பணத்தில் என்பதுதான்.

1. உங்கள் கடையில் சோறு தரும் சரக்கு எது, பெயர் தரும் சரக்கு எது என்று ஒரு தாளில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கொப்பி வையுங்கள். ஒரே பெட்டியில் காசு விழுந்தால் எது எதைத் தின்கிறது என்று தெரியாது.

2. புது முயற்சிக்கு ஓர் எல்லை போடுங்கள். அந்தப் பணம் முழுவதும் போனாலும், பழைய கடைக்கு ஒரு போகத்துக்கான சரக்கை ரொக்கமாக வாங்க முடிய வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம்.

3. முதலில் கையில் இருப்பதைக் கொண்டு சிறிதாகச் செய்து பாருங்கள். நான் தனிக் கடை திறக்காமல், சித்தாண்டிக் கடையின் ஒரு தட்டில் அந்தத் தலைக்கவசங்களை வைத்து ஆறு மாதம் விற்றுப் பார்த்திருக்கலாம்.

4. ஒரே வாடிக்கையாளரிடமோ ஒரே அறுவடையிடமோ பாதி வியாபாரத்தை வைத்திருந்தால், ‘இது வராவிட்டால்?’ என்று கேட்டு, அந்த மாதத்துக் காசோலைகளை எண்ணிப் பாருங்கள். பெரிய கட்டளைக்கு முற்பணம் வாங்காமல் சரக்கைக் குவிக்க வேண்டாம்.

5. முதலாளியின் நேரமும் முதல்தான். எந்தக் கடை சோறு தருகிறதோ, அங்கேதான் அதிக நாள் உட்கார வேண்டும்.

அன்று அந்த இளைஞனுக்குக் கிளச் பிளேட்டைக் கொடுத்துவிட்டு இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவன் மட்காட்டைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப நான் சரியான இடத்திலதான் ஒட்டியிருக்கன் நானா” என்றான்.

உண்மைதான். பெயர் உழைப்பின் மேல் ஒட்டியிருக்கும் வரை ஆபத்தில்லை. ஸ்டிக்கர் வாங்குவதற்காக மிசினை விற்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.